இன்சூரன்ஸ் தராத ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தனியாக எவ்வளவு வைக்க வேண்டும்? (நெல்லைப் பக்கம் ஓய்வு பெறுகிறவர்கள் சொல்லுங்கள்)

பேட்டை கணக்கர்

எல்லாருக்கும் வணக்கம். வருகிற மார்ச்சில் வேலை முடிகிறது. வயது 58. தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவு, அதனால் அரசு பென்ஷன் கிடையாது. பி.எஃப்., கிராஜுவிட்டி, கொஞ்சம் எஃப்.டி., பேட்டையில் சொந்த வீடு, இவ்வளவுதான். பி.எஃப்.போடு சேர்ந்து வருகிற இ.பி.எஸ். பென்ஷன் பாலுக்கும் கரண்ட் பில்லுக்கும் சரியாகப் போகும். எனக்குச் சுகர். வீட்டுக்காரிக்குப் பிரஷரும் முழங்கால் வலியும்.

இத்தனை நாள் கம்பெனி குரூப் இன்சூரன்ஸில் ஓடியது. "பத்து லட்சத்துக்கு ஒரு பாலிசி போட்டுருவோம்ப்பா, அப்புறம் கவலையே இல்ல" என்கிறான் சென்னையில் இருக்கும் மகன். ஆனால் போன வருஷம் என் மச்சினருக்கு ஆப்பரேஷன் ஆனபோது பாலிசி இருந்தும் கையிலிருந்து நல்ல தொகை போனதைப் பார்த்தேன். பாலிசி போகத் தனியாக எவ்வளவு வைக்கணும், எதில் வைக்கணும்? நம்ம ஊர்க் கணக்கைச் சொல்லுங்கள். பெங்களூர்க் கணக்கு எனக்கு உதவாது.

ஹைகிரவுண்டு சிஸ்டர்

கணக்கர் அண்ணாச்சி, ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலும் பிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டிஸ்சார்ஜ் அன்றைக்கு பில்லிங் கவுண்டரில் நடக்கிற சண்டை பெரும்பாலும் ரெண்டே விஷயத்துக்குத்தான்.

முதலாவது அறை வாடகை. பழைய பாலிசிகள் பலவற்றில் அறைக்கு, காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் என்று வரம்பு இருக்கும். 3 லட்சம் பாலிசி என்றால் நாளுக்கு 3,000. 6,000 ரூபாய் அறையில் போய்ப் படுத்தால், கூடுதல் 3,000ஐ மட்டும் நாம் கட்டினால் போதும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் எல்லாம் அறைக்குத் தகுந்தமாதிரி ஏறுகிறவை என்பதால் அவற்றிலும் பாதிதான் தருவார்கள். மருந்து, ஸ்டென்ட் போல உள்ளே வைக்கிற பொருள், டெஸ்ட், இவற்றில் இந்த வெட்டு கூடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்துகிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020லேயே சொல்லிவிட்டது. வெட்டியிருந்தால் விடாமல் கேளுங்கள்.

ரெண்டாவது சில்லறைச் சாமான். கையுறை, டயப்பர், அட்மிஷன் கிட், இடுப்பு பெல்ட், வாக்கர், ஏர் பெட், தனி நர்ஸ், கூட இருக்கிற அட்டெண்டர் கூலி, இவையெல்லாம் தர வேண்டாத பட்டியலில் இருப்பவை. தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகைதான். ஐ.சி.யூ.வில் ஒரு வாரம் கிடந்தவர் பில்லில் இவற்றைக் கூட்டிப் பாருங்கள், தெரியும்.

இதற்கு மேல் பல சீனியர் பாலிசிகளில் கோ-பே இருக்கும், அதாவது பில்லில் ஒரு பங்கை நாமே கட்டணும். 20 சதவீதம் என்றால் 4 லட்ச ரூபாய் பில்லுக்கு 80,000 உங்கள் கையிலிருந்து.

வேளச்சேரி நெல்லையன்

சிஸ்டர் சொன்னது சரி, ஆனால் அதற்காகப் பாலிசியைக் குறைத்து மதிக்க வேண்டாம். அறை வரம்பும் கோ-பேயும் இல்லாத பாலிசிகள் இருக்கின்றன. சில்லறைச் சாமானுக்கும் பாலிசியோடு சேர்த்து வாங்குகிற தனி ரைடர் கிடைக்கிறது.

சார், உங்களுக்கு அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. குரூப் பாலிசியில் இருப்பவர் வேலையை விட்டுப் போகும்போது அதே கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி உண்டு. மாறினால், இதுவரை இருந்த வருஷங்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலத்தில் கழியும். ரிலீவ் ஆகுமுன்பே எச்.ஆரிடம் எழுதிக் கொடுங்கள். விட்டுவிட்டுப் புதிதாகப் போட்டால் உங்கள் சுகருக்கு 3 வருஷம் வரை காத்திருக்க வேண்டி வரலாம். முன்பு 4 வருஷமாக இருந்த உச்சவரம்பை 2024 ஏப்ரலில்தான் 3 ஆக்கினார்கள். சுகர் இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள், ஏஜெண்ட் என்ன சொன்னாலும் சரி.

தனிநபர் மருத்துவ பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. முன்பு 18 சதவீதம் அதற்கே போனது. சீனியர்களுக்கு பிரீமியத்தை வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யைக் கலந்துகொண்டுதான் ஏற்ற வேண்டும் என்றும் விதி வந்திருக்கிறது. 10 சதவீதம் வருஷா வருஷம் ஏறினாலே ஏழெட்டு வருஷத்தில் இரட்டிப்பாகிவிடும். உங்கள் கணக்கில் பிரீமியத்துக்கே ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

ஆச்சி பேத்தி

ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நிற்கிறீர்கள். செலவு ஆரம்பிப்பதே டிஸ்சார்ஜுக்கு அப்புறம்தான்.

என் ஆச்சிக்குச் சேரன்மகாதேவி வீட்டில் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரி பில்லில் பெரும்பகுதியை மாமாவின் பாலிசி கட்டிவிட்டது. எல்லாருக்கும் நிம்மதி. அப்புறம் வீட்டுக்குக் கூட்டி வந்தோம், படுக்கையாக, இடது பக்கம் அசையாமல். ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருந்தாள். அந்தக் காலத்துக்கு எந்த இன்சூரன்ஸும் ஒரு ரூபாய் தரவில்லை, தரவும் தராது. டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாள் மருந்துச் செலவு என்று பாலிசியில் இருந்ததை வாங்கினோம். அதோடு சரி.

மாசச் செலவைச் சொல்கிறேன். கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா, 18,000. அதற்கு மேல் சாப்பாடு, காப்பி, தீபாவளிக்குச் சேலை. ஏஜென்சி வழியாக வந்ததால் முதலில் அவர்களுக்கு ஒரு தொகை. பேம்பர்ஸ் நாளைக்கு மூன்று, வயிறு சரியில்லாத நாளில் ஐந்து, மாசம் 4,500 போல ஆகும். பிசியோ செய்கிற தம்பி வீட்டுக்கு வர ஒரு தடவைக்கு 500, வாரம் மூன்று நாள் வைத்து அப்புறம் ரெண்டாகக் குறைத்தோம். மருந்து, மூக்குக் குழாய் மாற்றுவது, படுக்கைப் புண்ணுக்கு டிரெஸ்ஸிங். மொத்தம் 30,000ஐத் தொடாத மாதம் இல்லை. ஏர் பெட்டும் கட்டிலும் வாடகைக்கு எடுத்தோம். வாடகை ஏறிக்கொண்டே போனதும் ஏர் பெட்டை மட்டும் சொந்தமாக வாங்கினோம்.

இந்தக் கணக்கில் வராத ஒன்று, அம்மா தையல் வேலையை விட்டது. அவள் வருமானம் நின்றதை யாரும் செலவு என்று எழுதவில்லை.

உதவி கிடைத்த இடத்தையும் சொல்லணும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்தது. அந்த நர்ஸ் அக்காதான் புண் வராமல் எப்படிப் புரட்டிப் போடணும், முதுகில் எங்கே கை வைத்துப் பார்க்கணும் என்று அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். 2021ல் அந்தத் திட்டம் ஆரம்பித்தபோது வீட்டில் கேலி பேசியவர் மாமா. அவரே அப்புறம் அந்த அக்காவுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

களக்காடு வாழை

இவ்வளவு கணக்கு எதற்கு அண்ணாச்சி? ஒரு ஏக்கர் வயல் இருந்தால் போதும். பெரிய செலவு வந்தால் விற்றுவிட்டுப் பார்க்க வேண்டியதுதான். எங்கப்பா அப்படித்தான் செய்தார். நகை எதற்கு இருக்கிறது? பிள்ளை எதற்கு இருக்கிறான்? பேங்கில் போட்டு வைத்த பணத்தை விலைவாசி தின்றுவிடும். நிலம் ஏறும்.

ரிட்டயர்டு பாங்க்

களக்காட்டுத் தம்பி, நிலம் ஏறும், ஒத்துக்கொள்கிறேன். திங்கட்கிழமை நெஞ்சுவலி வந்து புதன்கிழமை பணம் கட்டச் சொன்னால் எந்த வயல் விற்கும்? பட்டா தாத்தா பேரில் இருக்கும். அத்தைமார் கையெழுத்து வேணும், ஒருத்தர் பம்பாயில் இருப்பார். வில்லங்கம் போட்டுப் பார்த்து, விலை பேசி, அட்வான்ஸ் வாங்குவதற்குள் நோயாளி ஒன்று வீட்டுக்கு வந்திருப்பார், இல்லை வேறு எங்கேயோ போயிருப்பார். அவசரத்துக்கு விற்கிறான் என்று தெரிந்தால் பக்கத்து வயல்காரனே விலையை அடித்துக் கேட்பான். பேங்க்கில் என் கவுண்டருக்கு முன்னால் நின்று அழுதவர்களில் பாதிப்பேர் நிலம் உள்ளவர்கள்.

நகை வேறு. நகைக்கடன் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும். ஆனால் வட்டி கட்ட வருமானம் வேண்டும், ஓய்வு பெற்றவருக்கு அது எங்கே?

கணக்கர் சார், ஒன்று கேட்கிறேன். இப்போது மாத்திரை, டாக்டர், டெஸ்டுக்கு மாதம் எவ்வளவு ஆகிறது? நினைவிலிருந்து சொல்லாதீர்கள். ரசீதை எடுத்துக் கூட்டுங்கள்.

பேட்டை கணக்கர்

கூட்டினேன் சார். ரெண்டு பேருக்கும் மாத்திரை மட்டும் 3,400. டாக்டர், சுகருக்கான எச்.பி.ஏ.1சி. டெஸ்ட், கண் டெஸ்ட், அவளுக்கு எக்ஸ்ரே, ஆட்டோ எல்லாம் சேர்த்து வருஷக் கணக்கை வகுத்தால் மாதம் 5,500 வருகிறது. நான் 3,000 என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விகேபுரம் மில்

குறுக்கே வருகிறேன். விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் குறைந்தது 5 வருஷம் இருந்து, வயது முடிந்து ஓய்வு பெற்றவர், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் வீட்டுக்காரிக்கும் இ.எஸ்.ஐ. வைத்தியம் தொடரும். மாதத்துக்கு 120 இல்லை, வருஷத்துக்கு. என்னோடு வேலை பார்த்தவர்களிலேயே பலர் இதைக் கட்டாமல் விட்டுவிட்டு மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். சுகர், பிரஷர் மாத்திரை எனக்கு டிஸ்பென்சரியிலேயே கிடைக்கிறது. சில நாள் ஸ்டாக் இருக்காது, திரும்பப் போகணும். அதைச் சகித்துக்கொள்கிறேன்.

கணக்கர் அண்ணாச்சி சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பான 21,000க்கு மேலே போயிருக்கும், உங்களுக்கு இது எப்படி என்று ஆபீஸில் கேட்டுப் பாருங்கள். இதைப் படிக்கிற ஸ்பின்னிங் மில், பீடிக் கம்பெனி, கடைக்காரங்க யாராவது இருந்தால் அவர்களுக்காக எழுதுகிறேன்.

மேலப்பாளையம் பாய்

அரசுக் காப்பீட்டு அட்டையைப் பற்றி யாரும் பேசவில்லையே. முதலமைச்சர் காப்பீட்டில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருந்தால் வருஷம் 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ. வருமானச் சான்று, ரேஷன் அட்டை, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் போட்டோ. சம்பளம் வாங்கும்போது தகுதி இல்லாதவர் ஓய்வுக்குப் பிறகு தகுதிக்குள் வரலாம், வட்டி வருமானத்தையும் சேர்த்துத்தான். எங்கள் வாப்பாவுக்கு அதில் ஆஞ்சியோ ஆனது, ஹைகிரவுண்டிலேயே. ஒரு பைசா கேட்கவில்லை. வெளியே கேட்டபோது பயமுறுத்துகிற தொகை சொன்னார்கள்.

ஹைகிரவுண்டு சிஸ்டர்

பாய் சொன்னது உண்மை. சூப்பர் ஸ்பெஷாலிட்டி கட்டடம் வந்த பிறகு இதயம், கிட்னி, நரம்பு எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் அங்கே போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளணும். கூட இருக்க ஒரு ஆள் கட்டாயம் வேணும். ஸ்ட்ரெச்சர் தள்ள, ரத்தம் கொண்டு ஓட, சீட்டு வாங்க. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிற கிழவன் கிழவிக்கு அந்த ஆளுக்கே கூலி கொடுக்க வேண்டி வரும். வைத்தியம் இலவசம், நிற்கிற ஆள் இலவசம் இல்லை.

அரசு பென்ஷன்காரர்கள் தங்களுக்கு எல்லாம் உண்டு என்று இருப்பார்கள். மருத்துவப்படி மாதம் 300 ரூபாய்தான். அவர்களுக்கான காப்பீட்டுக்கு 2022லிருந்து மாதம் 497 பென்ஷனில் பிடித்தார்கள். அதுவும் அட்மிஷனுக்கான திட்டம், மாத மாத்திரைக்கு இல்லை.

அண்ணாச்சி, உங்கள் 3,400ஐக் குறைக்கலாம். சீட்டை எடுத்துக்கொண்டு, மலிவு விலையில் மருந்து விற்கிற முதல்வர் மருந்தகத்துக்கோ மக்கள் மருந்தகத்துக்கோ போங்கள். பிராண்டு பேரைப் பார்க்காமல் உள்ளே இருக்கிற மருந்துப் பேரைக் கேளுங்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றுங்கள். மெட்ஃபார்மின் எங்கே வாங்கினாலும் மெட்ஃபார்மின்தான்.

பல், கண்ணாடி, காது மெஷின், இந்த மூன்றையும் மறந்துவிடாதீர்கள். வழக்கமான பாலிசி எதுவும் இவற்றைத் தொடாது. கண்புரைக்கு நமக்குக் கவலை இல்லை, அரவிந்த் ஆஸ்பத்திரி 1988லிருந்து இங்கேயே இருக்கிறது. காது மெஷின்தான் விலை. காது கேட்காத பெரியவர்கள் மெஷின் வாங்காமல் பேச்சையே குறைத்துக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்டர் சொன்னதும் காதில் விழாமல் மாத்திரையைத் தப்பாகப் போட்டுக்கொண்டு திரும்ப அட்மிட் ஆவார்கள்.

ரிட்டயர்டு பாங்க்

சரி, இப்போது கணக்குப் போடுவோம். சார் மாதம் 5,500 என்கிறார். இது சிஸ்டர் சொன்ன வழியில் குறையலாம், வயது ஏற ஏற மறுபடி கூடும். இதற்கு ஒரு நிலையான வரவு வேண்டும். சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதம் என்று வைத்தால் 10 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் 20,500 வரும், மாதம் 6,800 சொச்சம். அதற்கு 60 வயது ஆகணுமே என்று கேட்பீர்கள். வேலை ஓய்வு பெற்று வந்தவர் 55க்கு மேல் இருந்தால், ஓய்வுப் பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் போடலாம். அந்த 3 மாதம் போனால் 60 வரைக்கும் கதவு சாத்தியிருக்கும்.

10 லட்சத்தை ஒரே கணக்காகப் போடாதீர்கள். மூன்றாகப் பிரியுங்கள். நடுவில் பணம் தேவைப்பட்டால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். முதல் வருஷத்துக்குள் உடைத்தால் வட்டியே கிடையாது, ரெண்டாம் வருஷத்தில் 1.5 சதவீதம் பிடிப்பார்கள், அதற்கு மேல் 1 சதவீதம்.

அட்மிஷன் நாளுக்கு என்று 3 லட்சம், உடனே எடுக்கிற மாதிரி. பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டுகிற கேஷ்லெஸ் வந்துவிடும் என்று வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்லணும் என்று 2024ல் விதி போட்டார்கள், சரிதான். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு அட்வான்ஸ் கேட்கிறவரிடம் விதியைப் படித்துக் காட்ட முடியாது. அறை வித்தியாசம், கோ-பே, சில்லறைச் சாமான் எல்லாம் இந்த 3 லட்சத்துக்குள் அடங்கும்.

அப்புறம் பேத்திம்மா சொன்னது. மாதம் 30,000, ரெண்டு வருஷம் என்றால் 7,20,000. ரெண்டு பேரில் ஒருத்தருக்காவது இந்த நிலை வரலாம் என்று வைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். வராவிட்டால் பேரப்பிள்ளைகளுக்குப் போகட்டும். ஆக, பாலிசி போக 20 லட்சம். இருக்கிற பணத்தில் இது முடியாது என்றால் கடைசியில் சொன்னதைக் குறையுங்கள், முதலில் சொன்ன மாத வரவைத் தொடாதீர்கள்.

களக்காடு வாழை

20 லட்சமா! வாழை போட்டு எந்தக் காலத்தில் சேர்ப்பேன் வே?

ரிட்டயர்டு பாங்க்

உங்களுக்கு 20 லட்சம் சொல்லவில்லை தம்பி. பாய் சொன்ன அட்டையை முதலில் எடுங்கள். பட்டாவை உங்கள் பேருக்கு மாற்றிவையுங்கள், அத்தைமார் எல்லாரும் நல்லா இருக்கும்போதே. அப்போதுதான் அந்த வயல் சமயத்துக்கு உதவும்.

வேளச்சேரி நெல்லையன்

20 லட்சத்தை ஒதுக்கி வைப்பதற்குப் பதில் எங்கள் அம்மா அப்பாவைச் சென்னைக்கே கூட்டி வந்துவிடலாமே? நான் அதைத்தான் யோசிக்கிறேன். இங்கே எல்லா ஆஸ்பத்திரியும் பக்கத்தில்.

ஆச்சி பேத்தி

ஆஸ்பத்திரி பக்கத்தில், சரி. மூன்றாவது மாடியில் பகல் முழுக்க யாரும் இல்லாத வீட்டில் உட்கார்ந்திருக்கிறதுக்கு உங்கள் அம்மா என்ன சொன்னாங்க? அட்டெண்டருக்கு அங்கே என்ன கூலி என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள் அண்ணா. இங்கே எதிர்வீட்டு மதினி ரெண்டு மணி நேரம் ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்தால் அம்மா மார்க்கெட்டுக்குப் போய் வருவாள். அதற்கெல்லாம் சென்னையில் பில் வரும்.

வேளச்சேரி நெல்லையன்

அம்மாவிடம் இன்னும் கேட்கவே இல்லை. கேட்கிறேன்.

பேட்டை கணக்கர்

எல்லாருக்கும் நன்றி. பாங்க் சார், ஒரு சந்தேகம். என் எஃப்.டி. எல்லாம் எங்கள் ரெண்டு பேர் பேரிலும் இருக்கிறது, 'யாராவது ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்று. எனக்கு ஏதாவது ஆனால் அவள் போய் உடைத்துக்கொள்ளலாம்தானே? அந்த 3 லட்சத்தை அப்படியே எஃப்.டி.யில் விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்.

ரிட்டயர்டு பாங்க்

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள் சார். அப்படி எழுதியிருந்தால், முதிர்வு தேதியில் யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போதும். தேதிக்கு முன்னால் உடைப்பதென்றால் ரெண்டு பேர் கையெழுத்தையும் பேங்க் கேட்கலாம். ஒருத்தர் ஐ.சி.யூ.வில் டியூபோடு படுத்திருக்கும்போது கையெழுத்துக்கு எங்கே போவது? கைநாட்டு வைக்கலாம், ரெண்டு சாட்சி வேணும், அதில் ஒருத்தர் பேங்க் அதிகாரியாக இருக்கணும். அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரணும். நினைவே இல்லாதவர் என்றால் அதுவும் நடக்காது.

அதனால் ஒரு காரியம் செய்யுங்கள். 3 லட்சத்தில் ஒரு லட்சமாவது, ரெண்டு பேரில் யாரும் எடுக்கிற ஜாயிண்ட் சேவிங்ஸ் கணக்கில் இருக்கட்டும். வட்டி குறைவு, போகட்டும். மீதி எஃப்.டி.க்கு, முன்கூட்டியே உடைப்பது பற்றி என்ன எழுதிக் கொடுக்கணும் என்று கிளையில் கேட்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். வீட்டில் அம்மாவுக்கு ஏ.டி.எம். கார்டு அவர்கள் பேரிலேயே வாங்குங்கள். உங்கள் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்து வைப்பது வேறு, அவர்களே போய் ஒரு தரம் எடுத்துப் பழகுவது வேறு.

பேட்டை கணக்கர்

அவள் ஏ.டி.எம். பக்கமே போனதில்லை சார். இந்த வாரமே கூட்டிப் போகிறேன். எச்.ஆருக்கும் பாலிசி மாற்றுவதற்கு லெட்டர் கொடுத்துவிட்டேன்.

ஆச்சி பேத்தி அவர்களே, உங்கள் வீட்டில் இருந்த அட்டெண்டர் அம்மா எந்த ஊர்? நல்லவர்களாகத் தெரிகிறார்கள். எங்களுக்கு இப்போது தேவை இல்லை, என் மச்சினர் வீட்டுக்குக் கேட்கிறேன்.

ஆச்சி பேத்தி

முக்கூடல்காரங்க. தனிச் செய்தியில் நம்பர் அனுப்புகிறேன். ஆனால் இப்போ வள்ளியூரில் ஒரு வீட்டில் இருக்காங்க, தை வரைக்கும் வர முடியாதுன்னு சொன்னாங்க. அந்த வீட்டுக்காரங்க 22,000 கொடுக்கிறாங்களாம். அதுக்குக் கீழே கேட்காதீங்க.